முந்தின நாள் மாற்றிய வில்லைகள்

ஜனவரி 9

அன்புள்ள மூக்கனுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் முழங்காலும் அப்படித்தான் இருக்கும். ஒரே குழாயின் மேல் பதினெட்டு வருஷம் நடந்த கால்கள் வேறு வேறாகவா கெடும்? உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அண்ணி காலமான பிறகு நீ என்ன சமைக்கிறாய், சாப்பிடுகிறாயா என்று என்னைப் போட்டுத் துளைக்கிறாள், ஏதோ நான் உன் வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது போல.

போனில் கூப்பிடலாம்தான். ஆனால் போனில் "ம்", "சரி", "வெச்சிடட்டுமா" என்ற மூன்றுக்கு மேல் நீ பேசி நான் கேட்டதில்லை. கடிதத்தில்தான் நீ மனுஷன். அதுவும் உன் கடைசிக் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டால் எதிர்வரிசை வழியாகப் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். எரிவாயுக் குழாய்களில் பாதுகாப்பு விதிகளை மீறுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டப்போகிறார்களாம். பேப்பரில் பார்த்திருப்பாய். இப்போது இருக்கிற அபராதம் நம் காலத்தில் போட்டது. அரை நாள் ஓடுகிற வாயுவின் விலைகூட இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இனிமேல் மீறிய ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக அபராதம், கசிவைத் தெரிந்தே மறைத்த அதிகாரிக்குச் சிறை என்று மசோதா வந்திருக்கிறது. ஒரு குழு அமைத்து, பொதுமக்களும் பழைய தொழிலாளர்களும் மார்ச் கடைசிக்குள் எழுதலாம் என்கிறார்கள். நான் எழுதப்போகிறேன். உன் மருமகள், என் மகள், டைப் அடித்துத் தருகிறேன் என்றாள்.

அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பழைய நினைப்புதான். கசிவு பார்த்து நாம் நடந்த பன்னிரண்டு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளைக் கல். நீ பம்பு நிலையத்திலிருந்து, நான் அந்தக் கோடி வால்வு அறையிலிருந்து. திங்கள், புதன், வெள்ளி. ஆறாம் கல்லில் சந்தித்து, உன் எண் பொறித்த பித்தளை வில்லை எனக்கு, என்னுடையது உனக்கு. அடுத்தவன் வில்லையோடு திரும்பி வந்தால் ஆறாம் கல்வரை நடந்தான் என்று அர்த்தம். குமாஸ்தா அதை வாங்கி ஆணியில் மாட்டும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால்தான் எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றும். புல் மஞ்சளாக இருந்தால் நான் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். உனக்குச் சோப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் கல் மறைவிலிருந்து வருவதற்கு முன்பே என் டப்பாவில் உருளைக்கிழங்கா முட்டையா என்று சொல்லிவிடுவாய்.

உன் மருமகள் பிறந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். லீவு போட்டால் வேலையே போகும் என்று சூப்பர்வைசர் அந்த மாதம் முழுக்க மிரட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே டீக்கடையில் என் வில்லையை உன்னிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "நீ போடா, உன் பாதியையும் நான் நடந்துக்கறேன்" என்றாய். இருபத்து நாலு கிலோமீட்டர், போக வர. நம் இருவருக்குள் அது வழக்கம்தான். ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவன் இரண்டு பாதியும் நடப்பான், ஒரு கல்லைக்கூட விடமாட்டான். ஆனால் அன்று நீ நடந்தது பெரிய கடன்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, என் பாதியில், ஒன்பதாம் கல்லருகே, அந்தத் தெரு வெடித்தது. ஓவிய வாத்தியாரின் மனைவியும் நாலு வயது மகளும் போனார்கள். குழுவுக்கு நான் எழுதப்போவது இதுதான். வெள்ளிக்கிழமை உன்னைப் போல ஒருவன் அந்த இடத்தை நடந்து பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், வெறும் நடை போதாது, பழைய குழாயைத் தோண்டி மாற்ற வேண்டும், அதைக் கம்பெனி செய்ய வேண்டுமானால் அபராதம் உறைக்க வேண்டும். முந்தின நாளே வில்லை மாற்றியதை எழுத மாட்டேன், பயப்படாதே. உன் பெயரைப் போடலாமா என்று மட்டும் சொல்.

என்றும் உன்,
நெட்டை

ஜனவரி 24

அன்புள்ள நெட்டைக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சியிடம் சொல், நான் சாப்பிடுகிறேன், பாத்திரம் கழுவத்தான் சோம்பல். மருமகள் டைப் அடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாளா? எனக்கு அவள் இன்னும் உன் தொப்பிக்குள் தலை மறைந்து போகிற குழந்தைதான்.

நீ மழையில் ஏழாம் கல் பள்ளத்தில் விழுந்து, எழுந்திருக்காமல் அப்படியே படுத்துக்கொண்டு "மூக்கா, இங்கே கசிவு இல்லை" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறதா? நாலு நாள் முன்பு அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனாள். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

குழுவுக்கு எழுதுவதைப் பற்றி. வேண்டாம் என்று தோன்றுகிறது. இருபத்தாறு வருஷம் ஆயிற்று. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. ஓவிய வாத்தியாரே குழுவுக்கு மனு கொடுத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் இங்கே வந்து என்னோடு சதுரங்கம் ஆடுகிறார், உனக்குத் தெரியும். மனுவில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். கம்பெனி வக்கீல் பழைய பல்லவியையே பாடுகிறாராம். இரண்டு பேரும் நடந்தார்கள், இரண்டு வில்லையும் ஆணியில் இருந்தன, பதிவேட்டில் கசிவே இல்லை, எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, தெரியாத விபத்துக்குத் தண்டனையை ஏற்றி என்ன பயன் என்கிறாராம். வாத்தியார் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் பெயரைப் போடாதே. நீயும் எழுதாதே. இதில் நான் உன்னைக் கெஞ்சுவதாகவே வைத்துக்கொள்.

உன்,
மூக்கன்

பிப்ரவரி 2

அன்புள்ள மூக்கனுக்கு,

நீ கெஞ்சி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். என்ன பயம் உனக்கு? பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்றா? நீ செய்தது நல்ல காரியம். எனக்காக நடந்தாய். அதைச் சொல்ல உனக்கு ஏன் கூச்சம்?

வாத்தியாருக்கு உதவியாக நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் குமாஸ்தா போய்விட்டார், சூப்பர்வைசரும் போய்விட்டார். தினமும் உன் எதிரே உட்கார்ந்து ஆடுகிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றால் அது எனக்குச் சரியாகப் படவில்லை. கோபித்துக்கொள்ளாதே, மனசில் பட்டதைச் சொன்னேன்.

கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். முக்கியமான இடத்தை மட்டும் எழுதுகிறேன், பார்: "அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதாம் கல்லருகே சிறு கசிவுகூட இல்லை. அந்தக் குழாயில் நடந்தவர்களிலேயே கூர்மையான மூக்குடைய என் நண்பர் இதற்குச் சாட்சி." நன்றாக இல்லையா? இருபதாம் தேதி தபாலில் சேர்க்கிறேன். அதற்குள் நீ ஒழுங்கான காரணம் சொன்னால் நிறுத்துகிறேன். "வேண்டாம்" என்பது காரணம் இல்லை.

உன்,
நெட்டை

பிப்ரவரி 10

அன்புள்ள நெட்டைக்கு,

அந்தக் கடிதத்தை அனுப்பாதே. கம்பெனி வக்கீல் தேடிக்கொண்டிருப்பதே அந்த வாக்கியத்தைத்தான். காரணம் கேட்டாய். சொல்கிறேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்று உன் பாதியையும் நடந்தேன். ஒன்பதாம் கல்வரை ஒரு கல்லைக்கூட விடவில்லை. ஒன்பதாம் கல்லைத் தாண்டி, அந்தத் தெருவின் பின்பக்கம் சாக்கடை ஓரமாகக் குழாய் போகுமே, அங்கே வாசனை வந்தது. லேசாக இல்லை. புல் ஓர் ஆள் நீளத்துக்குக் கருகியிருந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். குமிழி வந்தது. மணி எட்டே கால்.

நேரே அலுவலகத்துக்கு ஓடினேன். கசிவு அறிக்கைத் தாளை எடுத்தும் விட்டேன். அந்தத் தாளை நீ மறந்திருக்க மாட்டாய். கண்டவன் வில்லை எண், கையெழுத்து, எத்தனை மணி. பிறகு கண்டவனே பழுது பார்க்கும் ஆட்களோடு போய் இடத்தைக் காட்ட வேண்டும். ஒன்பதாம் கல் உன் பாதி. என் எண்ணைப் போட்டால் நீ எங்கே என்று கேட்பார்கள். உன் எண்ணைப் போட்டால் உன்னைக் கூப்பிடுவார்கள். நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாய். உன் வேலை போயிருக்கும்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன். வழியில் போனவர் யாரோ வாசனை வருகிறது என்றார், ஒன்பதாம் கல் பக்கம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "லைனை மூடினா ஒரு நாளைக்கு எவ்வளவு போகும்னு தெரியுமா? மூடாம விட்டு ஏதாவது ஆனா, அபராதம் அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. மூடித்தான் ஆகணும்னா எழுதிக் குடு. யார் பாத்தது, எந்த வில்லைன்னு போட்டுக் குடு." நான் நின்றுகொண்டே இருந்தேன். "அப்ப திங்கக்கிழமை பாத்துக்கலாம், போ" என்றார்.

நான் போனேன். அவ்வளவுதான் நெட்டை, நான் போனேன். இரண்டு வில்லையையும் ஆணியில் மாட்டியது நான்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து மருமகளைக் கையில் வாங்கினேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக உன்னை அழைத்துக்கொண்டு போய் உன் பேரில் எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஞாயிறு மத்தியானம் வாத்தியார் மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள்.

விசாரணையில் பதிவேட்டைக் காட்டினார்கள். அது அப்பழுக்கில்லாமல் இருந்தது. நம் வில்லைகள்தான் கம்பெனியைக் காப்பாற்றின. இது உனக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை வருஷம் ஊமையாக இருந்தேன். உன்மேல் உள்ள அன்பால் என்று சொல்லிக்கொள்வேன். பாதி அன்பு, மீதி பயம்.

மூக்கன்

பிப்ரவரி 19

உன் கடிதம் கிடைத்தது. என்னுடையதைக் கிழித்துவிட்டேன்.

யாரைக் கேட்டு என்னைக் காப்பாற்றினாய்? இருபத்தாறு வருஷமாக மகள் பிறந்த நாள்தோறும் உன்னைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு உயிரை விலையாகக் கொடுத்து எனக்கு ஒரு வேலையை மிச்சம் பிடித்திருக்கிறாய். அந்த வேலையில் சம்பாதித்துத்தான் அவளைப் படிக்கவைத்தேன். இப்போது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாத்தியாரோடு எப்படியடா தினமும் உட்கார்ந்து ஆடினாய்?

எனக்கு எழுதாதே.

மார்ச் 15

அன்புள்ள நெட்டைக்கு,

எழுதாதே என்றாய். கையெழுத்துகூட இல்லாமல் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம் அது. ஆனாலும் நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இது ஒன்றுதான், பிறகு தொந்தரவு செய்ய மாட்டேன்.

வாத்தியாரோடு எப்படி உட்கார்ந்தாய் என்று கேட்டாய். ஆரம்பத்தில் பயந்துதான் பழகினேன், என்ன தெரியும் அவருக்கு என்று பார்க்க. பிறகு அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் மனைவி படுக்கையில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த மனுஷன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நாளாக நாளாக அதுவும் மரத்துவிட்டது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எப்போதும் அவர்தான் வருவார். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் கிடந்த துணியை அவசரமாக எடுத்தார். நான் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை எட்டே காலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.   முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமையேவா?"

ஆமாம் என்றேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

"அன்னிக்குக் காலைல அவ சொன்னா. பின்னாடி சாக்கடை நாறுது, யாரையாவது கூப்பிடுங்கன்னு. ஞாயித்துக்கிழமை லீவுல பாத்துக்கலாம்னு நாந்தான் சொன்னேன். இத்தனை வருஷம் நான் ஒருத்தன்தான் ரெண்டு பேரையும் கொன்னேன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

நெட்டை, இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனுவிலும் இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து குதிரையை நகர்த்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தில் பெரும் பங்கு அன்றே இறங்கியிருக்கும். நான் அழுதேன். அவர் அழவில்லை. கதவுவரை வந்து, "இனிமே இங்க வராதீங்க" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

குழுவுக்கு எழுதிவிட்டேன். நடந்தது நடந்தபடி, சூப்பர்வைசர் சொன்னது உள்பட. அந்த மடித்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, கல் எண்ணும் மணியும் மட்டும் நிரப்பியது. அதையும் இணைத்திருக்கிறேன். கடைசியில் என் அபிப்பிராயமும் கேட்டிருந்தார்கள். அபராதம் எவ்வளவு இருக்க வேண்டுமென்றால், கசிவு என்று ஒருவன் வாயைத் திறந்தவுடன் சூப்பர்வைசரே பயந்துபோய்ப் பேனாவை எடுத்து நீட்ட வேண்டும் என்று எழுதினேன். கசிவைச் சொல்கிறவன் என்ன தப்பு செய்திருந்தாலும் அதற்காக அன்று அவன் வேலை போகக் கூடாது என்றும் சட்டத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் அன்று இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

உன் வில்லையை நான் மாட்டினேன் என்று மட்டும் எழுதினேன். நீ எங்கே இருந்தாய் என்று எழுதவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். நீ கவலைப்படாதே.

தங்கச்சிக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல், சொல்ல முடிந்தால்.

மூக்கன்

ஏப்ரல் 6

மூக்கனுக்கு,

மறுபடியும் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாய். போதும், நிறுத்து.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி நானும் எழுதி அனுப்பிவிட்டேன். வில்லையை முந்தின நாளே கொடுத்தவன் நான், நடக்காமலே, பிற்பாடு பதிவேட்டில் அன்றைய நடைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான், அது முதல் தடவையும் அல்ல என்று எழுதியிருக்கிறேன். பென்ஷன் போகும் என்று உன் தங்கச்சி கொஞ்சம் அழுதாள். பிறகு, "அந்தப் பொண்ணு அடுப்பு பத்த வைக்கும்போது நான் குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். 

டைப் அடித்தது உன் மருமகள்தான். வேறு யாரிடம் போவேன்? நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தாள். தேதியைச் சொன்னதும் விரல்கள் நின்றன. "அப்பா, இது என் பிறந்த நாள்" என்றாள். ஆமாம் என்றேன்.  பிறகு தேதியை அடித்தாள், அடுத்த வரியைச் சொல்லுங்கள் என்றாள். முடியும்வரை அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அச்செடுத்துக் கையில் கொடுத்தபோதுதான், உனக்கு எழுதினேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அந்த வாத்தியார்கிட்டயும் நீங்க போய்ச் சொல்லணும்ப்பா. மாமா ஒருத்தர் சொன்னா போதாது" என்றாள்.

போனேன். உன் தெருவுக்கு வந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை, அதைத் தெரிந்துகொள். வாத்தியார் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிடவில்லை, வாசலில் நின்றே கேட்டார். கடைசியில் குழந்தை ஆணா பெண்ணா என்றார். பெண் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் இத்தனை நாள் யோசித்ததில் ஒன்று தெரிந்தது. அன்று நீ அந்தத் தாளில் எழுதி என் வேலை போயிருந்தால், அந்தத் தெரு முழுசாக நின்றிருக்கும். நானோ வேலையைக் கெடுத்த துரோகி என்று சாகும்வரை உன்னோடு பேசியிருக்க மாட்டேன். இரண்டு உயிர் பிழைத்தது எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. உனக்கு என்னை நன்றாகத் தெரியும். அதனால்தான் நீ எழுதவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மே பதினொன்றாம் தேதி நேரில் சாட்சி சொல்ல வேண்டும். உன்னையும் அன்றைக்கே கூப்பிட்டிருக்கிறார்களாம், வாத்தியாரையும். கம்பெனி வக்கீலும் வருவார். உள்ளே கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் உட்காரவைப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. நான் ஒன்பது மணிக்கே வந்துவிடுவேன். நீ வந்து என் பக்கத்தில் உட்கார். என்னிடம் ஒன்றும் பேசாதே, நானும் பேச மாட்டேன். பேச வேண்டியதை உள்ளே போய், வாத்தியார் கேட்கும்படி, இரண்டு பேரும் பேசுவோம்.

நெட்டை